ரோக்மோர்: முத்திரையும் பூச்சியும்

ஒயின் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் ஊர்ப்பெயர் ஒன்று அச்சாகியிருந்தால், அதை ஓர் அலங்காரமாக எண்ணிக் கடந்துவிடுவது நம் வழக்கம். பிரான்சில் அந்தப் பெயருக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. எந்த மண்ணில் விளைந்தது, எந்த வகைக் கொடி, எவ்வளவு விளைச்சல் என்பனவெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். இவ்வாறு விளைந்த இடத்தின் பெயரை மதுவின் மேல் எழுதிக் காக்க முடியும் என்று மிக முன்னதாகவே கண்டுகொண்ட ஊர்களில் ரோக்மோரும் ஒன்று. ஆயினும் அந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஒயின் வகை எதுவும் இன்று சட்டத்தில் இல்லை. வரலாற்று நூல்களில் ரோக்மோர் இடம்பெறுவது பெரும்பாலும் வேறொரு காரணத்துக்காக: ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேரிலிருந்து அழித்த பூச்சி நுழைந்த வாசல்களில் ஒன்றாக. காவலிருந்த ஊரே கதவைத் திறந்துவிட்ட கதையைத்தான் நாம் இங்கே சொல்லப் புகுகிறோம்.

தென் பிரான்சில், அவிஞ்ஞோன் நகருக்குச் சற்று வடக்கே, ரோன் நதியின் வலக்கரையில் இருக்கிறது ரோக்மோர். எதிர்க்கரையில் உலகப் புகழ்பெற்ற ஷாத்தோநெஃப்-து-பாப். அந்தப் புகழின் நிழல் நதியைத் தாண்டி இந்தப் பக்கம் விழுந்ததில்லை. போப்பாண்டவர்களின் இருப்பிடம் ரோமிலிருந்து அவிஞ்ஞோனுக்கு மாறிய காலத்துக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்த மாற்றத்துக்குக் காரணமான போப் ஐந்தாம் கிளமென்ட் 1314 ஏப்ரலில் இறந்தது ரோக்மோரில்தான். நதியோரப் பாறையின் மேல் கோட்டையின் எச்சம் இன்னும் நிற்கிறது.

நதி இங்கே வெறும் நீரோட்டமாக இருந்ததில்லை, பல நூற்றாண்டுகள் அது எல்லைக்கோடாக இருந்தது. வலக்கரை பிரெஞ்சு மன்னனுடையது. எதிரே இருந்த நிலத்தின் பெரும்பகுதி பிரெஞ்சுப் புரட்சி வரை போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. அதன் பின்னரும் நெடுங்காலம் ரோன் படகோட்டிகள் ஒரு கரையை 'அரசு' என்றும் மற்றதைப் 'பேரரசு' என்றும் சொல்லிக்கொண்டு படகைத் திருப்பினார்களாம். ஆட்சிகள் போனாலும் கரைகளின் பெயர்கள் படகோட்டியின் நாவில் தங்கிவிட்டன.

இந்த வலக்கரையின் ஒயின் ரோக்மோர்ப் படகுத்துறையிலிருந்துதான் வெளியூர்களுக்குச் சென்றது. தாவெல், லிராக், ஷுஸ்க்லான் முதலிய சுற்றுவட்டார ஊர்களின் விளைச்சலும் இங்கே வந்து சேர்ந்தது. பெயர் பெற்ற சரக்குக்குப் போலி தோன்றுவது எந்நாட்டிலும் உள்ள கதைதான். வேறெங்கோ விளைந்த ஒயின், 'ரோன் கரை' என்ற பெயரைச் சூடிக்கொண்டு சந்தைக்குப் போகத் தொடங்கியது. ஊரார் முறையிட்டதன் விளைவாக 1737-இல் அரச ஆணை பிறந்தது. விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் புறப்படும் ஒவ்வொரு பீப்பாயின் மீதும் சி, டி, ஆர் என்னும் மூன்று எழுத்துகளையும் விளைந்த ஆண்டையும் சூட்டுக்கோலால் பொறிக்க வேண்டும் என்றது அந்த ஆணை. 'கோத் து ரோன்', அதாவது ரோன் கரை என்பதன் முதலெழுத்துகள் அவை. இன்று கடை அலமாரிகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் 'கோத் து ரோன்' ஒயினின் பெயர், இந்தச் சிற்றூர்ப் படகுத்துறையில் காய்ச்சிய இரும்பால் எழுதப்பட்ட பெயர் என்பதை அறிந்து குடிப்பவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரோக்மோர் வசதியான ஒயின் வணிகர்களின் ஊர். அவர்களுள் ஒருவரை இலக்கிய வாசகர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பிளாசித் கப்போ என்பது அவர் பெயர். சிறு வயதில் துப்பாக்கி விபத்தில் ஒரு கையை இழந்தவர். ஒயின் வியாபாரம் செய்தபடியே கவிதையும் எழுதியவர். உள்ளூர்ப் பாதிரியார் கேட்டுக்கொண்டதற்காக அவர் எழுதிய கிறிஸ்துமஸ் கவிதைக்கு அடால்ஃப் ஆதாம் இசையமைத்தார். 1847 கிறிஸ்துமஸ் இரவில் ரோக்மோர் தேவாலயத்தில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. 1855-இல் ஓர் அமெரிக்கர் அதை ஆங்கிலமாக்கினார். 'ஓ ஹோலி நைட்' என்று இன்று உலகெங்கும் பாடப்படுவது அதுவே. ரோக்மோரிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு பாட்டு போயிற்று. ஏழாண்டுகள் கழித்து, அமெரிக்காவிலிருந்து ரோக்மோருக்கு ஒரு பெட்டி வந்தது.

அந்தப் பெட்டியை அனுப்பியவர் நியூயார்க்கில் இருந்த கார்ல் என்னும் நண்பர். பெற்றுக்கொண்டவர் போர்த்தி என்னும் ரோக்மோர் ஒயின் வணிகர். ஆண்டு 1862. பெட்டிக்குள் இருந்தவை வேர்விட்ட அமெரிக்கத் திராட்சைக் கன்றுகள், க்ளிண்டன் முதலான வகைகள். போர்த்தி அவற்றைத் தன் வீட்டை ஒட்டிய தோட்டத்தில் நட்டார்.

இதில் விபரீதம் எதையும் அன்றைய மனிதர்கள் கண்டிருக்க முடியாது. அதற்குப் பத்தாண்டுகள் முன்புதான் சாம்பல் நோய் என்னும் பூஞ்சை நோய் பிரான்சின் தோட்டங்களைச் சூறையாடியிருந்தது. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. கந்தகத் தூளைத் தூவி அதை அடக்கக் கற்றுக்கொண்டார்கள் என்றாலும், அந்த நோயைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் மேல் பலருக்கும் ஆர்வம் மூண்டிருந்தது. அத்தோடு காலமும் மாறியிருந்தது. பாய்மரக் கப்பலில் வாரக்கணக்கில் கடலைக் கடந்தபோது வேர்களில் ஒட்டியிருந்த நுண்ணுயிர்கள் வழியிலேயே மடிய வாய்ப்பிருந்தது. நீராவிக் கப்பல் அந்தப் பயணத்தை ஒன்றரை இரண்டு வாரங்களாகச் சுருக்கிவிட்டது. கன்று உயிரோடு வந்தது; கன்றில் இருந்ததும் உயிரோடு வந்தது.

1863 கோடையில் ரோக்மோரை அடுத்த பூஜோ என்னும் ஊரில் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. இலை மஞ்சளித்தது, பிறகு சிவந்தது, பிறகு உதிர்ந்தது. அடுத்த ஆண்டு அந்தக் கொடியோடு அதைச் சுற்றியிருந்தவையும் பட்டுப்போயின. தண்ணீரில் விழுந்த எண்ணெய்த் துளியைப் போல நோய் வட்டமாகப் பரவியது. போர்த்தியின் சொந்தக் கொடிகளும் தப்பவில்லை. அவற்றின் நடுவே அமெரிக்கக் கன்றுகள் மட்டும் செழித்து நின்றன. விடை அந்தத் தோட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தது, அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

1868 ஜூலையில் மோன்பெலியே நகரிலிருந்து மூவர் குழு புறப்பட்டது. தாவரவியலாளர் பிளான்ஷோன், தோட்ட உரிமையாளர் காஸ்தோன் பாசில், நாற்றுப்பண்ணை நடத்திய ஃபெலிக்ஸ் சாயூ ஆகியோர் அவர்கள். பாசில், ஓவியர் ஃபிரெதெரிக் பாசிலின் தந்தை. ரோன் நதிக்குக் கிழக்கே சேன்-ரேமி ஊரருகே இருந்த தோட்டமொன்றில், செத்த கொடிகளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் தென்படவில்லை. பின்னர் இன்னும் சாகாத ஒரு கொடியைப் பிடுங்கினார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அதன் வேர் முழுவதும் மஞ்சள் நிறப் பூச்சிகள் அப்பிக்கிடந்தன. அசுவினிக்கு உறவான, ஒரு மில்லிமீட்டர் அளவையும் எட்டாத பூச்சி. சாறு வற்றிய வேரை விட்டு அடுத்த கொடிக்கு நகர்ந்துவிடுவதால்தான் இறந்த கொடியில் அதைக் காண முடியவில்லை. கொலைகாரன் பிணத்தின் அருகில் நிற்பதில்லை என்பதை அவர்கள் அன்று கண்டுகொண்டார்கள். ஃபில்லோக்சரா என்று அந்தப் பூச்சிக்குப் பெயர் நிலைத்தது.

அதே 1868-இல், அக்டோபர் மாதம், ரோக்மோரில் வேறொரு காரியம் நடந்தது. தோட்ட உரிமையாளர் ஒருவர் முன்னின்று, புனித வாலன்டைனின் எலும்புகள் எனப்பட்ட திருப்பண்டங்களை ரோமிலிருந்து வருவித்தார். நோயிலிருந்து கொடிகளைக் காக்க வேண்டி அவை தேவாலயத்தில் நிறுவப்பட்டன. நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த அக்டோபரில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஒரு பெயரைத்தான் கொடுத்திருந்ததே தவிர மருந்தைக் கொடுத்திருக்கவில்லை. பாட்டன் நட்ட கொடி கண்முன் சாகும்போது ஒரு விவசாயி பற்றிக்கொள்ளக் கிடைத்ததைப் பற்றிக்கொள்கிறான். அந்த எலும்புகளைச் சுற்றி 1989 முதல் ரோக்மோர் காதலர் திருவிழா நடத்தத் தொடங்கியது. பூச்சிக்கு அஞ்சி வரவழைத்த புனிதர் இப்போது முத்தங்களுக்குக் காவல்.

மருந்தைத் தேடி அரசு 1870-இல் 20,000 ஃபிராங்க் பரிசு அறிவித்தது. 1874-இல் அதை 3,00,000 ஆக உயர்த்தியது. அந்தப் பரிசு யாருக்கும் வழங்கப்படவே இல்லை. கார்பன் டைசல்ஃபைடை மண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். பூச்சி செத்தது, ஆனால் செலவு சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகவில்லை. தோட்டத்தை வாரக்கணக்கில் தண்ணீரில் மூழ்கடிப்பது பலன் தந்தது, ஆனால் அதற்குச் சமவெளியும் வாய்க்காலும் வேண்டும். கடலோர மணலில் பூச்சியால் வாழ முடியவில்லை, ஆனால் எல்லோருக்கும் மணல் நிலம் ஏது? பிரான்சின் ஒயின் உற்பத்தி 1875-இல் 8 கோடியே 45 லட்சம் ஹெக்டோலிட்டராக இருந்தது. 1889-இல் 2 கோடியே 34 லட்சமாகச் சரிந்தது.

மீட்சி, நோய் வந்த திசையிலிருந்தே வந்தது. அமெரிக்கக் கொடிகள் இந்தப் பூச்சியோடு நெடுங்காலம் கூடவே வாழ்ந்தவை. கடிபட்ட இடத்தைத் தக்கை போன்ற திசுவால் மூடிக்கொள்ள அவற்றின் வேருக்குத் தெரியும். ஐரோப்பியக் கொடிக்கு அந்த வித்தை தெரியாது. அப்படியானால் அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினால் என்ன? 1869-இல் போன் நகர மாநாட்டில் போர்தோவின் லாலிமான், தம் தோட்டத்தில் அமெரிக்க வகைகள் நோயைத் தாங்கி நிற்பதை எடுத்துரைத்தார். 1873-இல் பிளான்ஷோன் அமெரிக்கா சென்று, மிசௌரி மாநிலப் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலியோடு கொடிகளை ஆராய்ந்தார். மருந்தை நம்பியவர்களுக்கும் அமெரிக்க வேரை நம்பியவர்களுக்கும் இடையில் பூசல் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பகைவன் வீட்டு வேரிலா நம் கொடி நிற்பது என்பது ஒரு தரப்பின் மனத்தாங்கல். முடிவில் வேர்தான் வென்றது. பிரான்சின் மிகப் பெரும்பாலான திராட்சைக் கொடிகள் இன்று அமெரிக்க வேரின் மேல் நிற்பவையே.

போர்த்தி ஒருவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. போர்தோ பகுதியிலும் பூச்சி தனியாகத் தலைகாட்டியது. 1863-இல் இங்கிலாந்தின் கண்ணாடிக் கூண்டுத் தோட்டமொன்றிலும் அது காணப்பட்டது. ரோக்மோர் திறக்காவிட்டாலும் வேறொரு கதவு திறந்தேயிருக்கும். ஆயினும் போலியைத் தடுக்கப் பீப்பாயில் சூடு வைத்த ஊர், நண்பனின் அன்பளிப்பைச் சந்தேகிக்கத் தெரியாமல் போனது என்பதில் மனிதருக்கே உரிய ஒரு சோகம் இருக்கிறது. முத்திரை பகைவரைத் தடுக்கும், பரிசைத் தடுக்காது.

அழிவுக்குப் பின் வந்த காலத்தில் உலர் திராட்சையிலும் சர்க்கரைத் தண்ணீரிலும் 'ஒயின்' செய்து விற்றார்கள். புதிய திராட்சையில் உண்டாவதே ஒயின் என்று 1889-இல் சட்டம் போட்டு வரையறுக்க வேண்டியதாயிற்று. போலிக்கு எதிரான அந்த நீண்ட போராட்டத்தின் விளைவே 1935-இல் உருவான விளைவிடப் பெயர்ச் சட்டம். 1737-இன் மூன்று எழுத்துகள் அதில் மறுபிறவி எடுத்தன எனலாம். 1936-இல் தாவெலுக்கும் 1937-இல் கோத் து ரோனுக்கும் உரிமை கிடைத்தது. ஆனால் கோத் து ரோன் இப்போது இரு கரைகளுக்கும் பொதுப்பெயர். ரோக்மோரின் கூழாங்கல் மேட்டில் கிரனாஷ், சிரா, மூர்வேத்ர் முதலிய வகைகளிலிருந்து எழும் நல்ல ஒயின், 1947-இல் உரிமை பெற்ற லிராக் என்னும் பக்கத்து ஊரின் பெயரில் வெளிச் செல்கிறது. பகலில் சூட்டை வாங்கி இரவில் கொடிக்குத் தரும் உருண்டைக் கற்களும், ஈரத்தை உலர்த்தும் மிஸ்த்ரால் காற்றும் எதிர்க்கரைக்கும் இதற்கும் பொது. பெயர் மட்டும் பொதுவில்லை.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கலாம். போர்த்தியின் பெட்டியில் வந்த க்ளிண்டன் வகையைப் பிரெஞ்சு அரசு 1934-இல் சட்டம் இயற்றி விலக்கியது. அமெரிக்கக் கொடி மண்ணுக்கு மேலே தலைகாட்டக் கூடாது. மண்ணுக்குக் கீழே இருந்து தாங்கலாம். ரோக்மோரின் கிரனாஷ் கொடியருகே குனிந்து பார்ப்பவர்களுக்குத் தண்டின் அடியில் ஒரு புடைப்பு தெரியும். ஒட்டுக் கட்டிய இடத்தின் தழும்பு அது. மண்ணின் பெயரைக் காத்துக்கொள்ள மனிதர் எடுத்த பாட்டையெல்லாம் பார்த்தபின், அந்தப் பெயரை இன்று தாங்கி நிற்பது கடல்கடந்து வந்த வேர் என்பது நமக்குக் குறையாகத் தோன்றவில்லை. சூட்டுக்கோல் பொறித்த அந்த மூன்று எழுத்துகளுக்கு இணையான முத்திரைதான் அந்தத் தழும்பும்.