சிப்பாயின் இருதயம்

மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்த ஆறு ஈ.சி.ஜி. தாள்களை மடிமீது விரித்துக்கொண்டு, அவற்றில் எங்கேனும் ஒரு கோணல் தென்படாதா என்று தேடுபவர்போல் உட்கார்ந்திருந்த நடுவயதுக்காரர் ஒருவரை, சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சந்தித்தேன். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கைகால் ஜில்லிட்டுப் போகிறது, இதோ உயிர் பிரியப்போகிறது என்று தோன்றுகிறது. ஆனால் பார்த்த டாக்டர்கள் அத்தனை பேரும் இருதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். "ஒண்ணுமில்லேன்னா அப்ப நான் பொய்யா சொல்றேன், சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் உண்டு என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், பிலடெல்பியா நகரத்து டர்னர்ஸ் லேன் ராணுவ ஆஸ்பத்திரியில், ஜேகப் மெண்டிஸ் டா கோஸ்டா என்ற வைத்தியரிடம் விசித்திரமான நோயாளிகள் வரலாயினர். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு, குணமாகிப் படைக்குத் திரும்பிய வாலிபச் சிப்பாய்கள், சகாக்களோடு அணிவகுத்து நடக்கமாட்டாமல், மார்வலியும் தலைச்சுற்றலும் நெஞ்சை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுமோ என்னும்படியான படபடப்புமாக அவர் முன் வந்து நின்றனர். காதும் ஸ்டெதாஸ்கோப்பும் நாடியில் வைத்த விரலுமே கருவிகளாக இருந்த அந்நாளில், அவர் முந்நூறுக்கு மேற்பட்டவர்களைப் பொறுமையுடன் பரீட்சித்து, இருதயத்தின் உறுப்பமைப்பில் கோளாறு இல்லையென்று கண்டும், அவர்களுடைய துன்பத்தைப் பொய்யென்று தள்ளிவிடாமல், 'எரிச்சலுற்ற இருதயம்' என்று அதற்குப் பெயரிட்டு 1871-ல் விரிவாக எழுதினார். சிகிச்சையாக ஓய்வையும் டிஜிடாலிஸையும் கொடுத்தார். அவர் செய்த பேருபகாரம் அந்த மருந்தன்று. நம்பிக் கேட்டதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் காரணம் எது? இங்கிலாந்தில் ஆர்தர் மையர்ஸ் என்ற ராணுவ வைத்தியர், உடலை இறுக்கும் உடுப்பின்மீதும் தோல்வார்களின்மீதும் பழியைப் போட்டார். கடும் நடையையும் காய்ச்சலையும் காட்டினார்கள் வேறு சிலர். பீரங்கிகளுக்கு எதிரே நிறுத்தப்பட்ட இருபது வயதுப் பிள்ளைக்குப் பயம் இருக்கும் என்பதும், அந்தப் பயம் சரீரத்திலேயே குடியேறிவிடக்கூடும் என்பதும் பிரதான காரணமாக எவருக்கும் தோன்றவில்லை. அதே 1871-ல், பெர்லினில் வெஸ்ட்பால் என்பவர், திறந்த சதுக்கத்தைக் கடக்க முடியாமல் நடுங்கி நின்ற மூவரைப் பற்றி எழுதினார். அது மனநோய் வைத்தியர்களின் ஏடு, டா கோஸ்டாவினுடையது உடல்நோய் வைத்தியர்களின் ஏடு. இரண்டிலும் எழுதியிருப்பது ஒரே கதையாக இருக்கலாம் என்று சேர்த்துப் பார்ப்பாரில்லை.

நம்முடைய பாட்டிமார் பயத்தையும் உடம்பையும் என்றோ சேர்த்துப் பார்த்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். பயம் வந்தால் 'வயிற்றைக் கலக்குகிறது', 'நெஞ்சு பதைக்கிறது', 'ஈரக்குலை நடுங்குகிறது' என்றல்லவா சொல்கிறோம்?

முதல் உலக யுத்தத்தின்போது, லண்டன் ஹாம்ஸ்டெட்டிலும் பின்னர் கோல்செஸ்டரிலும் இந்த நோய்க்கென்றே ஏற்பட்ட ராணுவ ஆஸ்பத்திரிகளில், தாமஸ் லூயிஸ் என்ற வைத்தியர், படுக்கையில் கிடத்திவைக்கும் பழைய முறையை விட்டு, படிப்படியாகக் கடினமாகும் தேகப்பயிற்சியைக் கொடுத்துச் சிப்பாய்களை எழுப்பி நடக்கவைத்தார். அடுத்த யுத்தத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சி மாணவர்களை வெளியூருக்கு அனுப்பிவிட்ட மில் ஹில் பள்ளிக்கூடத்தின் கட்டடங்களே ஆஸ்பத்திரியாயின. அங்கே பணிபுரிந்த பால் வுட் என்ற இருதய நிபுணர், 1941-ல் நிகழ்த்திய மூன்று பிரசங்கங்களில், இந்தக் குறிகளெல்லாம் பயத்தின் குறிகளே, இருதயத்தின் குறிகள் அல்ல என்று எடுத்துக்காட்டினார். அவருடன் இருந்த மாக்ஸ்வெல் ஜோன்ஸ் என்ற மனநல வைத்தியர், அந்த விஷயத்தை வைத்தியர்களுக்கு மட்டும் சொல்லி நிறுத்தாமல், இந்நோய்க்கென்று அங்கிருந்த நூறு படுக்கைகள் கொண்ட பிரிவில் நோயாளிகளையே ஒன்றாக உட்காரவைத்து, பயம் உடலில் எப்படி வேலை செய்கிறது என்று பாடமாகவே நடத்தினார். ஆபத்தென்று மனம் எண்ணியதும் அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் விரைகிறது, மூச்சு மிகுதியாக வாங்குவதால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல்கள் மரத்துத் தலை சுற்றுகிறது, அதைச் சாவின் அறிகுறியென்று எண்ணிப் பயந்தால், அந்தப் பயமே மறுபடியும் அட்ரினலினைச் சுரக்கவைக்கிறது. நாட்பட இருந்த நோயாளிகள் புதிதாக வந்தவர்களுக்கு இதைத் தாங்களே விளக்கிச் சொல்லலாயினர். வைத்திய சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிரியமான காட்சி இது.

ஆஸ்திரேலியாவில், பல்லியினங்களை ஆராய்ந்து சிட்னி சர்வகலாசாலையில் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியான கிளேர் வீக்ஸ், இளம்பிராயத்தில் க்ஷயரோகமென்று தவறாகக் கருதப்பட்டுச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடந்து, ஓயாத நெஞ்சுப் படபடப்போடு வெளியே வந்தவர். போர்முனையைக் கண்டு திரும்பிய நண்பரொருவர், பதுங்குகுழிகளில் தங்களுக்கும் அப்படியே இருந்ததென்றும், அதோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிட வேண்டுமென்றும் சொன்ன வார்த்தை அவருக்கு மருந்தாயிற்று. பின்னர் அவரே வைத்தியராகி, 1962-ல் வெளியிட்ட நூலில் அந்த வார்த்தையைத்தான் ஆயிரமாயிரம் பேருக்கு விரித்துரைத்தார்.

1980-ல் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேடு, திடீரென்று தாக்கும் பீதி நோயையும் ஓயாமல் அரிக்கும் பொதுப் பதற்ற நோயையும் தனித்தனியே வகுத்தது. இன்றைய வைத்தியர் முதலில் இருதயத்தையும் தைராய்டையும் சோதித்து, அவை பழுதற்றவை என்று கண்ட பிறகு, அஞ்சுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குகிறார். தேவையானால் மாத்திரையும் தருகிறார். பெரும்பாலோர் தேறுகிறார்கள். 14416 என்ற அரசாங்கத்தின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

அன்று அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இவற்றில் ஒன்றும் நான் அறியேன். "தைரியமா இருங்க" என்று மாத்திரம் சொன்னேன். அவர் தலையை அசைத்துவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏழாவது ஈ.சி.ஜி.க்காக வரிசையில் போய் நின்றார்.