நெருப்பு மலையும் திராட்சைக் கொடியும்

தனக்குத் தீங்கு செய்த நிலத்தை விட்டு மனிதன் ஓடிவிடுவான் என்றே நாம் எண்ணுகிறோம். வரலாறோ வேறு செய்தி சொல்கிறது. இதற்குச் சான்றாக இத்தாலி நாட்டின் சிசிலித் தீவிலே, கீழ்க்கரையை அடுத்து எட்னா என்னும் எரிமலை நிற்கிறது. 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த அம்மலை இன்றும் அடிக்கடி நெருப்பைக் கக்குகிறது. அதன் சரிவுகளிலே திராட்சை பயிரிட்டு வாழ்ந்த மக்களைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். மதுவின் பெருமை பாடுவது என் நோக்கமன்று. உழவின் பெருமையே என் பொருள்.

கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் எட்னாவின் அடிவாரத்தை ஒட்டிய கரையிலே குடியேறினர். அவர்கள் அமைத்த நாக்சோஸ் நகரத்தின் பழைய வெள்ளி நாணயங்களில் ஒருபுறம் மதுவின் தெய்வமான டயோனிசசின் தலையும், மறுபுறம் திராட்சைக் குலையும் விளங்குகின்றன. எட்னாவின் சாம்பல் விழும்போது துன்பம் தந்தாலும், பின்னர் அது நிலத்தைத் திராட்சைக்கு ஏற்றதாக்குகிறது என்று பண்டைய நிலநூல் அறிஞர் ஸ்டிராபோ குறித்துள்ளார்.

ஆனால் மலை உடனே வரம் தந்துவிடுவதில்லை. நெருப்புக் குழம்பு ஆறியதும் கரும்பாறையாகிறது. முதலில் அதன்மேல் பாசிபோலக் கற்செடி படர்கிறது. பிறகு புதர்கள் வேரூன்றுகின்றன. பாறை மெல்ல மெல்லப் பொடிந்து மண்ணாகிறது. இதற்குப் பல தலைமுறைகள் செல்லும். உழவர் அந்தக் கற்களையே பெயர்த்தெடுத்து, சாந்து இன்றிச் சுவர் அடுக்கி, சரிவைப் படிப்படியான வயல்களாக்கினர். கொடியைப் பந்தலில் ஏற்றாமல் சிறு மரம்போல வெட்டி வளர்த்து, செஸ்ட்நட் மரக்கழியை ஊன்றுகோலாக நட்டனர்.

இவ்வுழைப்பு ஒரே நாளில் அழிவதும் உண்டு. 1669-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மலை பிளந்தது. குழம்பு பல ஊர்களை மூடி, கத்தானியா நகரை நோக்கி வந்தது. அந்நகரத்தார் சிலர் நனைந்த தோல்களைப் போர்த்திக்கொண்டு சென்று, நெருப்பாற்றின் கரையை உடைத்து அதன் போக்கைத் திருப்ப முயன்றனர். தங்கள் பக்கம் நெருப்பு திரும்புமே என்று அஞ்சிய பத்தெர்னோ ஊரார் ஆயுதங்களோடு வந்து தடுத்தனர். யாரைக் குறை கூறுவது? ஓர் ஊரைக் காக்கும் செயல் இன்னோர் ஊருக்கு அழிவாக நின்றதன்றோ! இறுதியில் கத்தானியாவின் மேற்குப் பகுதி குழம்பில் புதைந்தது. 1928-ஆம் ஆண்டிலே மஸ்காலி என்னும் ஊர் அவ்வாறே மூடப்பட்டது. எட்னாவின் புகழ்பெற்ற கருந்திராட்சையாகிய நெரெல்லோ மஸ்கலேசே அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஊர் புதைந்தது, பெயர் கொடியிலே வாழ்ந்தது. பின்னர் ஊரையும் மக்கள் வேறிடத்திலே எழுப்பினர்.

நிற்க. 19-ஆம் நூற்றாண்டிலே அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கியது. அமெரிக்க வேரிலே ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே மருந்தாயிற்று. எட்னாவும் தப்பவில்லை. எனினும் எரிமலை மணல் செறிந்த நிலத்தில் அப்பூச்சி எளிதில் பரவ இயலாது. ஆகவே நூறாண்டு கடந்த, ஒட்டுக்கட்டாத கொடிகள் சில அங்கே இன்றும் காய்க்கின்றன.

20-ஆம் நூற்றாண்டிலே வேறொரு பகை வந்தது. படிவயல்களில் உழுபொறி நுழையாது. மண்வெட்டியும் கோவேறு கழுதையுமே துணை. கூலி கட்டாமையால் இளைஞர் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். வயல்களைப் புதர் மூடியது. நெருப்பு அழிக்காத சுவர்களை ஆளில்லாமை சாய்த்தது.

அந்நூற்றாண்டின் இறுதியில் மறுமலர்ச்சி தோன்றியது. செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இன்றிப் பயிர் செய்யும் இயற்கை வேளாண்மையைப் பலர் மேற்கொண்டனர். நீர் தேங்காத மண்ணும் மலைக்காற்றும் அவர்களுக்குத் துணை. ஆனால் மழை மிகுந்த கீழைச் சரிவிலே பூஞ்சை நோயைத் தடுப்பது எளிதன்று. கந்தகத்தையும் அளவோடு செம்பு மருந்தையும் தெளிக்க அம்முறை இடந்தருகிறது. 2012-ஆம் ஆண்டிலே ஐரோப்பிய ஒன்றியம் இயற்கைத் திராட்சை மதுவுக்கெனத் தனி விதிகள் வகுத்தது.

மாணவர்களே, எட்னாவின் உழவன் மலையை வென்றவன் அல்லன். வெல்ல முயன்றவனும் அல்லன். மலை தரும்போது பெற்றுக்கொண்டு, பறிக்கும்போது விலகி நின்று, மறுபடியும் கல் அடுக்கத் தொடங்கினான். அரசர்களின் வெற்றிகளைப் படிக்கும் நாம், இந்தக் கற்சுவர்களையும் வரலாற்று ஏடுகளாகப் படிக்கப் பழக வேண்டும்.