ஆதார் வழிப் பணப்பட்டுவாடா: திரும்பிப்போன பணத்துக்கு யார் பொறுப்பு?

ஒன்றிய அரசின் நேரடிப் பயன் மாற்ற முறை 2013 ஜனவரி 1 அன்று தொடங்கியது. இடைத்தரகர் கை படாமல் பணம் உரியவரைச் சேரும் என்பதே அதன் வாக்குறுதி. கூலிக்கும் உதவித்தொகைக்கும் ஆதிக்க சாதியினரின் தயவை நாடி நின்ற தலித் குடும்பங்களுக்கு இது சிறிய மாற்றமன்று. ஆயினும் இடைத்தரகர் இருந்த இடத்தில் இன்று கணினிப் பதிவொன்று அமர்ந்திருக்கிறது.

இயங்கும் விதம்

ஆதார் வழி முறையில் பணம் கணக்கு எண்ணுக்கு அனுப்பப்படுவதில்லை. ஆதார் எண்ணுக்கே அனுப்பப்படுகிறது. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்னும் பட்டியலை என்.பி.சி.ஐ. பராமரிக்கிறது. கடைசியாகப் பதிவான வங்கிக்கே பணம் செல்லும். கணக்கில் ஆதார் எண் இருப்பது வேறு, இப்பட்டியலில் இடம்பெறுவது வேறு. இதை அறியாத மாணவர்களின் உதவித்தொகை திரும்பிச் செல்கிறது. அல்லது மறந்துபோன பழைய கணக்கொன்றில் கிடக்கிறது. 2017இல் கைப்பேசி எண்ணைச் சரிபார்க்க ஆதார் கொடுத்த பலரின் பெயரில் அவர்கள் அறியாமலேயே கணக்குகள் தொடங்கப்பட்டு, எரிவாயு மானியம் அவற்றுக்குச் சென்றது.

சாதியும் மென்பொருளும்

2021-22 நிதியாண்டில் நூறு நாள் வேலைக் கூலி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஏனையோர் எனப் பிரித்து வழங்கப்பட்டது. ஒரே களத்தில் உழைத்தோர் வெவ்வேறு நாள்களில் கூலி பெற்றனர். எதிர்ப்புக்குப் பின்னரே அந்நடைமுறை கைவிடப்பட்டது.

சட்டம் சொல்வது

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவைப் பெரும்பான்மைத் தீர்ப்பால் ஏற்றது. சரிபார்ப்பு தோல்வியுற்றாலும் தகுதியுடையோருக்குப் பயன் மறுக்கப்படாது என்னும் அரசின் உறுதிமொழியும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அவ்வுறுதி பேசுவது கைரேகையைப் பற்றி. தவறான வங்கிப் பதிவைப் பற்றியன்று. இந்த இடைவெளியில்தான் வங்கி துறையையும், துறை வங்கியையும் கைகாட்டுகின்றன.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆதார் ஆணையத் தளத்தில் எந்த வங்கி பதிவாகியுள்ளது எனப் பாருங்கள்.
2. பதிவு தவறெனில் வங்கியில் எழுத்து மூலம் விண்ணப்பித்து ஒப்புகை பெறுங்கள்.
3. பணம் அனுப்பப்பட்ட நாள், வங்கி, திரும்பிய காரணம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி துறையிடம் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

எழுத்தில் பெறும் காரணமே வழக்கின் முதல் ஆவணம். ‘சர்வர் கோளாறு’ என்னும் வாய்மொழியை எந்த நீதிமன்றத்திலும் நாம் எதிர்த்து வாதிட இயலாது.