தூத்துக்குடித் துறைமுகத் திட்ட நிர்வாகத்தின் நிறைவும் உரிமை மாற்றமும் (1974–1979)

முன்னுரை

ஒரு பணிக்கெனத் தற்காலிகமாக அமைக்கப்படும் அரசு நிர்வாகம் பணி முடிந்ததும் கலைகிறது. அதன் சொத்தும் கடனும் ஊழியரும் யாரைச் சேர்கின்றனர் என்னும் வினாவைத் தூத்துக்குடித் துறைமுகத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு துறைமுகங்கள்

பழைய துறைமுகம் 1924ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தின்வழி நிருவகிக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, தோணிகளே சரக்கைக் கரைசேர்த்தன. 1955இல் ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு, சேதுக் கால்வாயையும் ஆழ்கடல் துறைமுகத்தையும் இணைந்த திட்டமாகப் பரிந்துரைத்தது. கால்வாய் நிறைவேறவில்லை, துறைமுகம் மட்டும் மைய அரசின் திட்டமாக எழுந்தது. ஏறத்தாழ 4 கி.மீ. நீளமுள்ள இரு அலைதடுப்புகள் கடலுக்குள் கட்டப்பட்டன. 1974 ஜூலை 11 அன்று அது நாட்டின் 10ஆவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் பழைய துறைமுகம் தனித்தே நின்றது. 1979 ஏப்ரல் 1 அன்றே இரண்டும் இணைக்கப்பட்டு, 1963ஆம் ஆண்டின் பெருந்துறைமுகப் பொறுப்புக் கழகச் சட்டத்தின்கீழ்த் தூத்துக்குடித் துறைமுகப் பொறுப்புக் கழகம் உருவானது.

உரிமை மாற்றத்தின் வரையறை

அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு சொத்து, நிதி, கடன், ஒப்பந்தம், வரவேண்டிய கட்டணம், நிலுவை வழக்கு ஆகிய அனைத்தையும் புதிய கழகத்திற்கு மாற்றியது. இவற்றுள் இரு கூறுகள் கருதத்தக்கவை.

முதலாவது, மைய அரசு மூலதனச் செலவென அறிவித்த தொகை கழகத்திற்கு அளிக்கப்பட்ட மூலதனமாயிற்று. 31ஆம் பிரிவின்படி அதனை வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டியிருந்தது. எனவே, கலைந்த நிர்வாகத்தின் செலவு நிலைத்த அமைப்பின் கடனாகத் தொடர்ந்தது. இணைப்பைக் கொடை எனக் கொள்வதற்கில்லை.

இரண்டாவது, துறைமுகப் பணியில் முழுமையாகவோ முதன்மையாகவோ ஈடுபட்டிருந்த அரசு ஊழியர், பழைய பணி நிபந்தனைகளுடனேயே கழக ஊழியராயினர். இப்பாதுகாப்பு அரசிடமோ முந்தைய துறைமுக அமைப்பிடமோ பணியாற்றியோர்க்கே உரியதாயிருந்தது. தனியார் தோணிகளில் சரக்கேற்றிய தொழிலாளர் இவ்வரையறைக்குள் வரவில்லை. கப்பல்கள் நேரே தளத்தை அணையும் துறைமுகம், அவர்தம் பழைய பணிக்கான தேவையையே குறைக்கும் தன்மையது.

முடிவுரை

2011இல் துறைமுகம் வ.உ.சிதம்பரனார் பெயர் பெற்றது. 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டமும் சொத்து, கடன், ஊழியர் என்னும் வகைப்பாட்டிலேயே அடுத்த மாற்றத்தை நிகழ்த்தியது. சட்டம் பட்டியலிட்டவை ஆவணங்களில் தொடர்கின்றன. பட்டியலில் இடம்பெறாத தோணித் தொழிலாளரின் வரலாற்றையோ தோணி உரிமையாளர் கணக்குகளிலும், மாப்பிள்ளையூரணி முதலிய சுற்றூர்களின் வாய்மொழிச் சான்றுகளிலும் தேட வேண்டியுள்ளது. நிர்வாக மாற்றத்தின் வரலாறு அவ்விரண்டையும் இணைத்தே எழுதப்பட வேண்டும்.