எஸ்.பி.எஸ்.எஸ். என்றொரு தடித்த புத்தகம்

1978-ல் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்த புதிது. கிராமத்துக் குடும்பங்களின் கணக்கெடுப்பை பஞ்ச் கார்டுகளில் அடித்து, பெட்டியோடு ரயிலேறி சென்னைக்குக் கொண்டுபோவேன். அங்கேதான் கம்ப்யூட்டர். ஒருமுறை குடும்பத் தலைவர்களின் சராசரி வயது ஐம்பதைத் தாண்டி வந்தது. அறிக்கையும் டைப்பிங்கிற்குப் போய்விட்டது. நேரில் பார்த்த முகங்கள் அத்தனை வயதானவை அல்லவே என்று எனக்குத் தூக்கமில்லை.

பதில் ஒரு புத்தகத்தில் இருந்தது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் புரோகிராமின் கையேடு. வயது சொல்லாதவர்களுக்கு நாங்கள் 99 என்று போட்டிருந்தோம். ‘இது விடுபட்ட விவரம்’ என்று தனியாக ஒரு கார்டில் சொல்லாவிட்டால், இயந்திரம் அவர்களை 99 வயதுக் கிழவர்களாகவே எடுத்துக்கொள்ளும்! டைப்பிங்கை நிறுத்தச் சொல்லி ஓடினேன்.

அந்தப் புரோகிராம் 1968-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது. நார்மன் நை அரசியல் படித்தவர். டேல் பென்ட், ஹாட்லாய் ஹல் இருவரும் கூட்டாளிகள். 1970-ல் மெக்ரா-ஹில் கையேட்டை வெளியிட்டது. மற்ற புரோகிராம்களோடு கம்ப்யூட்டர்காரர்களுக்கு மட்டும் புரிகிற குறிப்புத் தாள்கள் வந்துகொண்டிருந்த காலம். இதுவோ மாணவர்கள் கடையில் வாங்கிப் படிக்கிற பாடப் புத்தகம். புத்தகத்தைப் படித்தவர்கள்தான் தங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் போய் அந்தப் புரோகிராமைக் கேட்டார்கள். 1975-ன் இரண்டாம் பதிப்பு 675 பக்கம். தலைக்கு வைத்துப் படுக்கலாம்.

ஆனால் பயமுறுத்தாது. ஒரு கணக்கு எதற்கு, எந்த மாதிரி விவரத்துக்குப் பொருந்தும் என்பதை முதலில் சொல்லும். பிறகுதான் கார்டு: கட்டளை 1 முதல் 15-ஆம் கட்டம் வரை, மற்றவை 16-லிருந்து. கடைசியில், அச்சாகி வரும் தாள் எப்படி இருக்கும் என்ற மாதிரியும் உண்டு. புரியாமலே கணக்குப் போடுகிறவர்கள் இதனால் பெருகினார்கள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

பின்னாளில் புதியவர்களுக்காகத் தமிழில் பன்னிரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதினேன். என் 99 கதைதான் முதல் பக்கம். கம்ப்யூட்டரையே பார்த்திராத வரலாற்றுத் துறை மாணவி ஒருத்தி அதைப் படித்துவிட்டு வந்து நின்றாள்.

“சார், எட்டாம் பக்கத்தில் தொழிலுக்கு எண் கொடுத்து, அதற்குச் சராசரி எடுத்திருக்கிறீர்களே. விவசாயி 1, நெசவாளி 2 என்றால், ஒன்றரை யார் சார்?”

அன்றே அந்தப் பக்கத்தைத் திருத்தினேன்.