மனநல நெருக்கடி: குடும்பமும் சிகிச்சையின் ஒரு பகுதி

தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய வட்டாரத்தில் ஒரு காலத்தில் தென்காசி, கடையநல்லூர்க் குடும்பங்கள் அண்டை அயலாக வாழ்ந்தன. நல்லது கெட்டதுக்கு எல்லாரும் கூடுவார்கள். ஆனால், மனநோய் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. இல்லாத குரல்கள் கேட்பது, யாரோ தன்னைக் கொல்ல வருவதாக அஞ்சுவது போன்ற கடும் நெருக்கடியில் இந்த மௌனம் சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது.

வேலூர் காட்டிய வழி

குடும்பத்தாரைச் சிகிச்சையில் சேர்ப்பது புதிதல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்தில் கூடாரம் அமைத்துத் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 1957ல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் உறவினர் ஒருவரேனும் நோயாளியுடன் தங்குகிறார். நோயைப் புரிந்துகொண்டு, வீடு திரும்பிய பின் எப்படிக் கவனிப்பது என்பதை அவர் அங்கேயே கற்கிறார்.

பின்லாந்தின் ‘திறந்த உரையாடல்’

பின்லாந்தின் டோர்னியோ நகரில் 1980களில் உளவியலாளர் யாக்கோ செய்க்குலாவும் சக ஊழியர்களும் இதை மேலும் விரிவாக்கினர். உதவி கேட்ட 24 மணி நேரத்திற்குள் முதல் சந்திப்பு நடக்கும், பெரும்பாலும் வீட்டிலேயே. குடும்பத்தாருடன் நண்பர், அண்டைவீட்டார், சக ஊழியரும் வரலாம். நோயாளியை விட்டுவிட்டுத் தனியே முடிவெடுப்பதில்லை. அதே குழு கடைசிவரை உடனிருக்கும். இது மருந்தை ஒதுக்கும் முறையல்ல. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

சிங்கப்பூரில்

மனநலக் கழகம் 2001ல் தொடங்கிய ஆரம்பநிலை மனநோய்ச் சிகிச்சைத் திட்டம், குடும்பத்தாருக்கும் விளக்கமும் ஆதரவும் தருகிறது. குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஊழியருக்கு அறைத்தோழரே உறவு. அவரும் உடன் செல்லலாம்.

உறவினர் செய்யக்கூடியவை

• “அது பொய்” என்று வாதாட வேண்டாம். “பயமாக இருக்கிறதா?” என்று கேளுங்கள்.
• தூக்கம், உணவு, பேச்சில் மாற்றம் எப்போது தொடங்கியது என்று குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டாம்.
• ஒருவரே எல்லாச் சுமையையும் தாங்காமல், முறைவைத்துக் கவனியுங்கள்.

மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவி எண்: 6389 2222. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 995ஐ அழையுங்கள்.