நுண்துளைக் கரி மின்வாய்

எரிபொருள் மின்கலத்தில் வாயுவும் திரவமும் மின்சாரமும் ஒருங்கே சந்திக்க இடமளிக்கும் பொருட்டு, எண்ணிறந்த சூக்ஷ்மத் துவாரங்கள் அமையும்படி கரியினால் செய்யப்படும் மின்வாய் இப்பெயரால் வழங்கும்.

1839-இல் வில்லியம் குரோவ் கந்தக அமிலத்தில் பிளாட்டினத் தகடுகளை அமிழ்த்தி, ஹைட்ரஜனும் பிராணவாயுவும் கூடுவதிலிருந்து மின்சாரம் பெற்றாராயினும், வாயுவும் அமிலமும் உலோகமும் சேர்ந்து தொடும் விளிம்பு மெல்லிய கோடாகவே இருந்தமையால் மின்னோட்டம் அற்பமாயிற்று. அவ்விளிம்பை விரிவாக்குவதே பிரதான காரியமென்று 1842-இல் அவரே உணர்த்தினார். 1923-இல் ஆல்ஃபிரட் ஷ்மிட், பிளாட்டினம் ஏற்றிய துளைக்கரியின் ஊடே வாயுவைச் செலுத்தும் மின்வாயை விவரித்து, அவ்விளிம்பைக் கரியின் உட்புறம் முழுவதும் பரவச் செய்தார்.

ஆயினும், விளக்குத் திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல் துவாரங்கள் திரவத்தை ஈர்த்து நிரம்பிவிடுவதால், வாயுவுக்கு வழி அடைபட்டது. இவ்விடையூறே இம்மின்வாயின் சரித்திரத்தில் நெடுங்காலம் நிலைத்த சிக்கலாகும். 1932-இல் ஹைஸ், ஷூமாக்கர் என்னும் அமெரிக்கர் இருவர் காரமின்கலத்தின் காற்றுமின்வாய்க்குரிய கரியில் பாரபின் மெழுகை ஊட்டி, துவாரச் சுவர்கள் நனையாதிருக்கச் செய்த உபாயம் எளிதெனத் தோன்றினும், பிற்காலத்தில் நீர் ஒட்டாத டெஃப்லான் கலந்து செய்த மின்வாய்கள் யாவும் அதே தத்துவத்தைத் தழுவியவையே. கார்ல் கோர்டெஷ் 1970-இல் இத்தகைய கரி மின்வாய்களைக் கொண்ட மின்கலத்தை ஆஸ்டின் ஏ-40 மோட்டார் வண்டியில் பொருத்தி, கூரைமேல் ஹைட்ரஜன் உருளைகளை ஏற்றிப் பொதுச்சாலையிலேயே ஓட்டினார்.

பின்னர், ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புடைய கரித்தூளின்மீது மிக நுண்ணிய பிளாட்டினத் துகள்களைப் படியவைக்கும் முறை பரவிற்று. 1980-களில் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ரெய்ஸ்ட்ரிக், சுப்ரமணியம் சீனிவாசன் முதலியோர் அக்கரியில் அயனிகளைக் கடத்தும் பாலிமரையும் ஊட்டியதன் பயனாக, சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் வேண்டியிருந்த பிளாட்டினம் 0.4 மில்லிகிராமாகக் குறைந்தது.

கரியின் குறையோ அதன் ஸ்வபாவத்திலேயே உள்ளது. 0.2 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே கார்பன் டை ஆக்சைடாக மாறும் இயல்புடைய இப்பொருள், அதனினும் உயர்ந்த மின்னழுத்தத்தில் இயங்கும் பிராணவாயு மின்வாயில் நிலைத்திருப்பது அம்மாற்றம் மிக மெதுவாக நிகழ்வதனால் மட்டுமே. மின்கலத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஹைட்ரஜனும் காற்றும் ஒரே பக்கத்தில் கலந்து நிற்கும் தருணங்களில், எதிர்ப்புறத்துக் கரி சில இடங்களில் ஏறக்குறைய 1.5 வோல்ட்டுக்கு ஆட்பட்டு அரிக்கப்பட, பிளாட்டினம் பற்றுக்கோடின்றி உதிர்கிறது. கடும் வெப்பத்தில் கிராஃபைட்டாக்கிய கரி இவ்வரிப்பைத் தாங்குமெனினும் அதன் பரப்பு சுருங்கிவிடுகிறது. உலோக ஆக்சைடுகள் பல சோதிக்கப்பட்ட பின்னரும், மின்கடத்தல், பரப்பு, மலிவு ஆகிய மூன்றிலும் கரியை விஞ்சும் தாங்குபொருள் இன்னும் அமையவில்லை.